டயல் முள் அசையவில்லை

கிரைண்டர் பார்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். இட்லி மாவுக்கு இல்லை, இரும்பை மட்டம் தட்ட என்று சொன்னதோடு அந்தச் சந்தோஷம் போயிற்று.

பாப்பனங்கோடு பக்கத்தில், மூடிப்போன ஒரு பட்டறை. உள்ளே பழைய பிராகா சர்ஃபேஸ் கிரைண்டர். 1943இல் செகந்திராபாத்தில் தொடங்கிய கம்பெனி. அதன் மெஷின் ஓடாத டூல் ரூம் ஒரு காலத்தில் குறைவு. "ராக்கெட்டுக்கு வேலை செய்த மெஷினாணு சாரே" என்றார் விற்பவர். திருவனந்தபுரத்தில் விலைக்கு வரும் பழைய இரும்பெல்லாம் ராக்கெட்டுக்கு உழைத்ததுதான். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டே அமெரிக்கச் சரக்கு என்பதை நான் சொல்லவில்லை.

துணைக்கு வந்த நாகர்கோவில் அண்ணாச்சி டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்தவர். புதுப் பச்சை பெயிண்டைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். வீலைக் கழற்றி விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார். ணங் என்றது. விரிசல் இல்லை. மறுபடி மாட்டி, ஓடவிட்டு, எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். "ஓடட்டும், சாயா குடிச்சிட்டு வருவோம்." முக்கால் மணி நேரம் கழித்து ஸ்பிண்டில் மேல் கை வைத்தார். வெதுவெதுப்புதான், கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. பேரிங் பிழைத்தது.

அடுத்து விற்பவரின் முறை. வீலை நிறுத்தி, ஹெட்டில் டயல் கேஜை மாட்டி, காந்த சக் மேல் முனையை வைத்து டேபிளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளினார். முள் அசையவே இல்லை. நான் பணத்தை எடுக்காத குறை.

அண்ணாச்சி சிரித்தார். "தம்பி, இந்த சக்கை இதே மெஷின்லதானே அரைச்சிருக்கு? பெட் குழிஞ்சா சக்கும் அதே குழிவுல அரைபடும். முள்ளு எப்படி அசையும்?"

பையிலிருந்து துண்டில் சுற்றிய ஓரடி ஸ்ட்ரெயிட் எட்ஜை எடுத்தார். இரு முனையிலும் ஒரே உயரக் கட்டை வைத்து அதை ஏற்றி, அதன் முதுகில் டயலை ஓட்டினார். நடுவில் முள் 40 மைக்ரான் நகர்ந்தது. சின்ன வேலையே பார்த்துப் பார்த்து டேபிள் நடுவிலேயே ஓடியிருக்கிறது. வீல் தூளும் எண்ணெயும் கலந்தால் அரைக்கும் பசைதான்; பெட் அங்கே தேய்ந்துவிட்டது. கடல் காற்றும் ஜூன் மழையும் சக்கில் போட்டிருந்த துருப்புள்ளிகளை அவர் பொருட்படுத்தவே இல்லை. அது லேசாக அரைத்தால் போகும். பெட்டைச் சுரண்டி மட்டமாக்க ஆளும் கிடைக்காது, காசும் கட்டாது.

விட்டுவிடலாம் என்றேன்.

"உனக்கு என்ன வேலை?"

"பஞ்ச், சின்ன டை. நாலு இஞ்சுக்கு மேல இல்லை."

காகிதத்தில் கணக்குப் போட்டார். ஓரடிக்கு 40 என்றால், சீரான வளைவில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு ஒன்பதில் ஒரு பங்கு பிழை. நான்கரை மைக்ரான். "உன் வேலைக்குப் போதும். ஆனா நல்ல மெஷின் விலை கொடுக்காதே."

டயலை இன்னொரு முறை ஸ்ட்ரெயிட் எட்ஜ் மேல் ஓட்டிக் காட்டியதும் விற்பவர் இறங்கிவந்தார், பாதிவரை. டெம்போவில் ஏற்றுமுன் ஹெட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து இறக்கி, டேபிளைக் கட்டினோம். வீலை மட்டும் அண்ணாச்சி யாரிடமும் தரவில்லை. கரமனை வரை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.