மோவாப் சமவெளியில் எடுத்த கணக்கு

வருஷத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை வாசித்து முடிக்கிறவர்களிலும் பலர், எண்ணாகமம் 26-ஆம் அதிகாரம் வந்ததும் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிடுகிறார்கள். வெறும் பெயரும் எண்ணும்தானே, இதில் என்ன செய்தி என்று கேட்கிறார்கள். ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அந்த அதிகாரமே பதில் என்பது என் எண்ணம்.

சீனாய் வனாந்தரத்தில் முதல் கணக்கு எடுத்தபோது, யுத்தத்துக்குப் போகத்தக்க, இருபது வயதும் அதற்கு மேலுமான ஆண்கள் 6,03,550 பேர். ஏறக்குறைய 38 ஆண்டுகள் கழித்து, எரிகோவுக்கு எதிரே மோவாப் சமவெளியில் இரண்டாம் கணக்கு எடுத்தார்கள். 6,01,730 பேர். குறைந்தது 1,820 பேர்தான். ஆனால் முதல் பட்டியலில் இருந்தவர்களில் காலேபையும் யோசுவாவையும் தவிர ஒருவரும் மிஞ்சவில்லை. தேசத்துக்குப் பயந்து முறுமுறுத்த அந்தத் தலைமுறை முழுவதும் வனாந்தரத்திலேயே மாண்டுபோயிற்று. தீர்ப்பும் நிறைவேறியது, சந்ததியும் அற்றுப்போகவில்லை. (ஆறு லட்சம் என்ற தொகையைப் பற்றி அறிஞர்களுக்குள் பெரிய வாதம் உண்டு. அது இங்கே வேண்டாம்.)

இதை வைத்து, ஜனம் பெருகுவதே ஆசீர்வாதத்துக்கு அடையாளம் என்று பிரசங்கிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிமியோன் கோத்திரத்தைப் பாருங்கள். 59,300 பேர் இருந்தது 22,200 ஆகிவிட்டது. வேதம் காரணம் சொல்லவில்லை. ஆனால் முந்தின அதிகாரத்தில் பாகால்பேயோர் விஷயத்தில் 24,000 பேர் வாதையில் செத்தார்கள். அங்கே பேர் சொல்லிக் குறிப்பிடப்படும் சிம்ரி, சிமியோன் கோத்திரத்துப் பிரபு. இரண்டையும் சேர்த்துத்தான் எனக்கு வாசிக்கத் தோன்றுகிறது.

தாணின் கதை வேறு. யாக்கோபு குடும்பத்தோடு எகிப்துக்குப் போனபோது தாணுக்கு ஒரே மகன், பென்யமீனுக்குப் பத்துப் பேர். இப்போது தாண் 64,400, பென்யமீன் 45,600! ஒற்றைப் பிள்ளை வைத்திருந்த வீட்டுக்கு அன்றைக்கு யார் இதைச் சொல்லியிருப்பார்கள்? கலகம் செய்த கோராகு பூமிக்குள் போனான். அவன் பிள்ளைகள் சாகவில்லை என்பதும் இதே பட்டியலின் நடுவே ஒரு வரியாக வருகிறது.

வேலையில் இருந்த நாளில் நானும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனவன்தான். இருக்கிற வீட்டையும் இருக்கிற ஆட்களையும் எழுதினோம். மோவாபிலோ, யோர்தானுக்கு அக்கரையில் ஒரு முழ நிலம்கூடக் கைக்கு வராதபோதே, இந்தப் பேர்களின்படி தேசத்தைப் பங்கிடச் சொல்லிக் கட்டளை வருகிறது. பெரிய கோத்திரத்துக்கு அதிகம், சிறியதற்குக் கொஞ்சம். எந்தப் பகுதி யாருக்கு என்பது சீட்டுப்போட்டு.

அதைக் கேட்டதும் முன்னே வந்து நிற்கிறார்கள் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள். ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பேர் அற்றுப்போகலாமா, எங்களுக்கும் காணி கொடுங்கள் என்கிறார்கள். கண்ணால் காணாத நிலத்துக்கு வழக்கு! வாக்கை அந்தப் பாளயத்தில் அவர்களைப்போல நம்பினவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தர் மோசேயிடம் சொன்னார். யோசுவா 17-ஆம் அதிகாரத்தில் அந்தப் பெண்களுக்குப் பங்கு கிடைத்த விவரம் இருக்கிறது.