தொப்புளுக்குக் கீழே ஒரு துப்பறியும் கதை

அரிப்புக்கு இருப்பதுபோல் வேறு எந்த வியாதிக்கும் இத்தனை டாக்டர்கள் கிடையாது. "நெஞ்சு வலிக்குது" என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள், பயந்துபோய் ஆட்டோ பிடிக்க ஓடுவார்கள். "அரிக்குது ஸார்" என்று சொல்லுங்கள். அட்டெண்டர் முதல் மானேஜர் வரை ஆளுக்கொரு வைத்தியத்தோடு உங்கள் ஸீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

எனக்குத் தொப்புளுக்கு இரண்டு விரற்கடை கீழே, ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தடிப்பு. சிவப்பாக, மேலே பொடிப்பொடியாகக் கொப்புளத்தோடு. இடத்தைக் கவனியுங்கள். மீட்டிங்கில் மேலதிகாரி டார்கெட் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவன் அந்த இடத்தில் சொறிந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஃபைலை மடியில் வைத்து மறைத்துக்கொண்டே பல மீட்டிங்குகளைக் கடத்தினேன்.

அக்கவுண்ட்ஸ் பெரியவர், "கத்திரிக்காயை நிறுத்துங்க, மூணே நாள்" என்றார். ரிசப்ஷன் அம்மா, "உஷ்ணம் தம்பி, வாரம் ரெண்டு எண்ணெய் முழுக்கு" என்றார். மானேஜர் வாஷிங் பவுடரைச் சந்தேகப்பட்டார். கான்டீன்காரர், "கருவாடு சாப்பிட்டிருப்பீங்க" என்று கண்டுபிடித்தார். அவர் கான்டீனில் கருவாடு மட்டுமில்லை, மீனே கிடையாது. எதிர் ஸீட் பையன்தான், "இது ஆபீஸ் அலர்ஜி ஸார், லீவு போட்டா போயிடும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டிருந்தால் விஷயம் ஒரே நிமிஷத்தில் முடிந்திருக்கும். தடிப்பைப் பார்க்காமலேயே ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம் என் பழைய ரூம்மேட். அவனுக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை. வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து, பார்த்தாலே தெரிகிற படர்தாமரை. கடைக்காரர் கொடுத்த ட்யூபைத் தடவினான். இரண்டே நாளில் அரிப்பு போயே போச்சு. நிறுத்தினான், இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மறுபடி தடவினான். எட்டு மாசம் இப்படியே. அதில் இருந்தது ஸ்டீராய்டு. அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை. பூஞ்சை இடுப்பு, வயிறு என்று ஏறியது. வட்டமும் கலைந்துபோனதால் கடைசியில் டாக்டருக்கே அடையாளம் தெரியவில்லை, சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பூஞ்சை ஒருவழியாகப் போய்விட்டது. ஆனால் தோல் மெலிந்து தொடையில் விழுந்த வரிகள் போகவில்லை. போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். பையனுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ட்யூபின் மேல் பொடி எழுத்தில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால், கடைக்காரர் எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நான் போனது ஒரு தோல் டாக்டரம்மாவிடம். வயதானவர். என்ன சாப்பிட்டேன் என்று அவர் கேட்கவே இல்லை.

"எப்ப அரிக்காது?"

இதுவரை யாருமே கேட்காத கேள்வி. யோசித்தேன். ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் லீவில் போயிருந்தேன். முதலில் கொஞ்சம் அரித்தது, பிறகு தடிப்பு வாடி, ஊரைவிட்டுக் கிளம்பும்போது தழும்பு மாதிரிதான் இருந்தது. திங்கட்கிழமை டூட்டியில் சேர்ந்தேன். புதன்கிழமை சாயந்திரம் பழையபடி.

"ஊர்ல என்ன கட்டிக்கிட்டிருந்தீங்க?"

"வேட்டி, லுங்கி."

"எழுந்து நில்லுங்க."

நின்றேன். தடிப்பைப் பார்க்கவில்லை, என் பெல்ட்டைப் பார்த்தார். கழற்றச் சொல்லி, ஒரு பஞ்சுக் குச்சியில் இரண்டு திரவங்களைச் சொட்டி (ஒன்று அம்மோனியா, மூக்கைத் துளைத்தது, இன்னொன்றின் பெயர் டைமெத்தில்க்ளையாக்ஸைம், அதை நானும் ஒருமுறைதான் சொல்வேன்) பக்கிளின் பின்பக்கத்தில் தேய்த்தார். வெள்ளைப் பஞ்சு ரோஜாப்பூ நிறத்துக்கு மாறியது.

"நிக்கல்" என்றார்.

பளபளப்புக்காகப் போடுகிற முலாமில் இருக்கும் உலோகம். வியர்வை பட்டால் துளித்துளியாகக் கரைந்து தோலுக்குள் இறங்கும். சென்னை வெயிலில், பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவனுக்கு வியர்வைக்கா பஞ்சம்?

"மேடம், இந்த பெல்ட்டை மூணு வருஷமா போடறேன். ஒண்ணும் ஆனதில்லையே?"

"அதனாலதான் வந்திருக்கு" என்றார்.

எனக்கு அரிப்பே மறந்துபோனது இந்தப் பதிலைக் கேட்டபோதுதான். பழகப் பழக ஒருநாள் உடம்பு அதை எதிரி என்று முடிவுகட்டி மனப்பாடம் செய்துகொள்ளும். அதற்குச் சில வாரமும் ஆகலாம், பல வருஷமும் ஆகலாம். மனப்பாடம் ஆனபின் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. இன்னொரு சங்கதி, பட்டவுடனே அரிக்காது. பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். நாம் என்ன செய்கிறோம்? அரித்த நாளன்று என்ன சாப்பிட்டோம், புதிதாக என்ன வாங்கினோம் என்று தேடுகிறோம். குற்றவாளியோ பழைய ஆள், முந்தாநாளே வந்து போனவன். கத்திரிக்காய் அநியாயமாக மாட்டிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க லுங்கியில் இருந்தும் எனக்கு அரித்ததற்குக் காரணம் சனிக்கிழமை ஆபீஸ்! எதிர் ஸீட் பையனுக்குப் பாதி மார்க்.

சந்தேகம் தீர முதுகில் டெஸ்ட். சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் ஒவ்வொரு பொருளாக வைத்து ஒட்டிவிட்டார்கள். முதுகை நனைக்கக் கூடாது. பக்கத்து ஸீட்காரர் தள்ளி உட்கார்ந்தார். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள், நாலாம் நாள் மறுபடி பார்த்தார்கள். நிக்கல் வைத்த இடம் மட்டும் சிவந்து புடைத்திருந்தது.

இந்தத் துப்பறியும் வேலையில் நம் ஊருக்குப் பழைய சம்பந்தம் உண்டு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க சிப்பாய்கள் சிலருக்குப் பிடரியில் விடாத அரிப்பு. சட்டைக் காலரில், சரியாக அந்த இடத்தில் சலவைக்குறி. துணி மாறிப்போகாமலிருக்கச் சேராங்கொட்டைப் பாலில் போட்ட குறி. எத்தனை வெளுத்தாலும் போகாத மை, அதன் எண்ணெய்க் காரமும் அப்படித்தான். 1943-ல் ராணுவ டாக்டர்கள் இதை அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். சேராங்கொட்டையும், அமெரிக்கக் காடுகளில் படரும் பாய்ஸன் ஐவி கொடியும், நம் மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். ஐவியிடம் அங்கே அடிபட்டவன் உடம்பு, கடல் தாண்டி வந்தும் பங்காளியை அடையாளம் கண்டுபிடித்துவிடும்.

ஆக, எங்கே அரிக்கிறது என்று முதலில் பாருங்கள். மணிக்கட்டில் என்றால் வாட்ச். பாதத்தில் வார் பதிந்த மாதிரி இருந்தால் ரப்பர் செருப்பு. நெற்றி நடுவில் என்றால் ஸ்டிக்கர் பொட்டின் பசை. தலை ஓரத்திலும் காதிலும் என்றால் டை. (நாற்பது தாண்டிய மானேஜர்கள் கவனிக்க.) ராத்திரியில் அதிகமாகி, விரல் இடுக்கில் அரித்து, ரூமில் இருக்கும் நாலு பேருமே சொறிந்தால் அது அலர்ஜியே இல்லை, சிரங்கு. நாலு பேரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும், ஒருவன் மட்டும் போட்டுப் பிரயோஜனமில்லை.

டென்மார்க்கில் 1990-லேயே நிக்கலுக்குக் கடிவாளம் போட்டுவிட்டார்கள். 1994-ல் ஐரோப்பிய யூனியன் முழுவதற்கும் சட்டம் போட்டார்கள். தோலில் தொடர்ந்து படும் சாமானிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. டென்மார்க்கில் காது குத்திக்கொண்ட இளம்பெண்களுக்கு அதன்பின் இந்த அலர்ஜி குறைந்தது.

எனக்குக் கிடைத்த உத்தரவு: நிக்கல் பக்கிள் கூடாது, ஜீன்ஸ் பட்டனும் சந்தேகக் கேஸ், பனியனை உள்ளே விட்டுக்கொள்ளவும். பக்கிளின் பின்னால் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசலாம், ஆனால் சீக்கிரமே தேய்ந்துவிடும். தடிப்பு ஆறக் கொஞ்ச நாளைக்கு ஒரு களிம்பு, நாள் கணக்கு எழுதி, சீட்டோடு.

அன்று சாயந்திரமே ஒரு பெரிய கடைக்குப் போய், "நிக்கல் இல்லாத பெல்ட் இருக்கா?" என்று கேட்டேன்.

சேல்ஸ்மேன் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அந்தக் கலர் ஸ்டாக் இல்ல ஸார்" என்றார். "பிளாக்கும் ப்ரௌனும்தான் இருக்கு."