கடல் கதவடைத்தால் கூலி யார் தருவது?

ஸ்ரீஹரிகோட்டாவிலே ராக்கெட் கிளம்புகிறது என்று சேதி வருகிறது. அண்ணாந்து பார்க்கிறோம், கை தட்டுகிறோம். தட்டத்தான் வேண்டும்! அறிஞரின் மூளையும் தொழிலாளியின் கையும் சேர்ந்து எழுப்பிய கலம் அது. ஆனால் அது எழும்புவதற்கு முன்பு, தரையிலும் தண்ணீரிலும் எத்தனை பேர் கண்விழித்துக் காவல் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கிறது அந்தத் தீவு. 43,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். 50 கிலோமீட்டர் கடற்கரை. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஏரியின் நடுவே சாலை போகிறது. தீவுக்குள்ளே காவல் புரிவது மத்திய தொழில் பாதுகாப்புப் படை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1969இல் அமைந்த படை. வாயிலிலே அனுமதிச் சீட்டைச் சோதிப்பதும், காட்டிலும் கரையிலும் ரோந்து சுற்றுவதும் அவர்கள் வேலை. வேலிக்கு வெளியே ஆந்திரப் போலீஸ். கரையோரம் கடலோரப் போலீசின் படகு. அதற்கப்பால் கடலோரக் காவல் படையின் கப்பல்.

எதற்கு இத்தனை கட்டுக்காவல்? சதிக்கு அஞ்சி மட்டுமா? ராக்கெட்டின் வயிற்றிலே இருப்பது எரிமருந்து, தோழர்களே! 1979 ஆகஸ்ட் 10இல் அந்தத் தீவிலிருந்து புறப்பட்ட எஸ்.எல்.வி.-3, ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்து கடலிலே வீழ்ந்தது. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து வாலப்ஸ் தீவில், 2014 அக்டோபர் 27 அன்று, ஆபத்து எல்லைக்குள்ளே ஒரு பாய்மரப் படகு இருந்தது என்பதற்காக ஆண்டாரிஸ் ராக்கெட்டை நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் ஏவினார்கள். கிளம்பிய சில விநாடிகளில் வெடித்து, ஏவுதளத்தருகே விழுந்து எரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை! கடலைக் காலி செய்தது வீண் வேலையா? உயிர் காத்த வேலை!

எனவே, காவல் கூடாது என்று கூறவில்லை நாம். கேட்பது வேறு. கலத்தைக் காக்கிறீர்கள், கட்டடத்தைக் காக்கிறீர்கள், மீனவன் உயிரையும் காக்கிறீர்கள். மகிழ்ச்சி! அவன் வயிற்றைக் காப்பது யார்?

ராக்கெட் கிளம்பும் நாளிலே, 'கடலுக்குப் போகாதே' என்று பழவேற்காட்டுக் கரையிலே உத்தரவு ஒலிக்கிறது. ஏவுவது தள்ளிப்போனால், தடை இன்னொரு நாளும் வருகிறது. உத்தரவு போட்டவருக்கு அன்றைக்குச் சம்பளம் உண்டு. ராக்கெட்டை ஏவியவருக்கு உண்டு. காவல் நின்றவருக்கும் உண்டு. உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, வலையைச் சுருட்டி வைத்தவன் வீட்டிலே மட்டும் உலை கொதிப்பதில்லை! ஆலை கதவடைத்தால் அந்த நாளுக்குக் கூலி கேட்கிறோமே, கடல் கதவடைத்தால் கேட்க வேண்டாமா?

காக்கிச் சட்டைக்காரர் மீது நமக்குக் கோபமில்லை. வெயிலிலும் கொசுக்கடியிலும் நிற்கிற அவரும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். அவர் கையிலே தடியை மட்டும் கொடுத்துவிட்டு, மீனவனுக்குச் சொல்ல ஒரு பதிலைக் கொடுக்காத சர்க்காரைத்தான் கேட்கிறோம்.

இன்று ஏன் கேட்கிறோம்? தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசைக்கு ஏவினால், இலங்கையின் மேல் பறக்கலாகாது என்று ராக்கெட் வளைந்து போகவேண்டும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். சிறிய ராக்கெட்டுகளுக்கு அது பெரிய லாபம். நாட்டுக்கு லாபம் வரட்டும்! ஆனால் அந்தக் கடலிலேதானே மணப்பாட்டு மீனவரும் ஆலந்தலை மீனவரும் வலை வீசுகிறார்கள்?

கொடுக்கத் தயங்கியதில்லை கடற்கரை மக்கள். 1963 நவம்பர் 21இல் கேரளத்துத் தும்பாவிலே முதல் ராக்கெட் கிளம்பியது. அதற்கு இடம் விட்டவர்கள் மீனவர்கள். தங்கள் தேவாலயத்தையே கொடுத்தவர்கள்! அந்தக் குலத்தாரிடம் நாளைக்குத் தடியோடு போகலாமா?

அரசியல் சட்டப்படி போலீஸ், மாநிலப் பட்டியலில் இருப்பது. வேலிக்குள்ளே மத்தியப் படை நிற்கலாம். வெளியே கரையிலே நிற்கப்போவது தமிழ்நாட்டுப் போலீஸ். ஆகவே டில்லியோடு பேசும் உரிமையும் பொறுப்பும் கோட்டைக்கு உண்டு.

பேச வேண்டியவை இவை: தடை நாளை முன்கூட்டியே, தமிழிலே, ஊர் ஊராக அறிவியுங்கள். தடை நாளுக்குக் கூலியைச் சலுகையாக வீசாமல், உரிமையாக எழுதி வையுங்கள். ஒத்திவைத்த நாளுக்கும் சேர்த்து. ராக்கெட் போய் ஆபத்து நீங்கியதும், அந்த நாழிகையே கடலைத் திறந்துவிடுங்கள். எந்த எல்லை வரை, எத்தனை மணி நேரம் தடை என்று முடிவு செய்யும் இடத்திலே, மீனவர் பிரதிநிதியை உட்கார வையுங்கள்.

விண்ணை எட்டட்டும் ராக்கெட்! கரையிலே அடுப்பும் அணையாமல் எரியட்டும்! குலசையிலே காவல் வேலி எழும்புமுன், மீனவருக்குப் பதில் வரட்டும்!