ஒலியை எண்ணிப் பார்க்கும் பிள்ளைகள்



பொறியியல் பயிலும் மகனோ மகளோ இறுதியாண்டை எட்டியதும் நம் இல்லங்களில் ஒரு புதிய செலவு பேசப்படுகிறது. "நான்கு பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்ய வேண்டும், ஆளுக்கு இவ்வளவு" என்று பிள்ளை கேட்கும். நாமும் மறுசொல் இன்றி எடுத்துக் கொடுப்போம். அப்பணம் எங்கே செல்கிறது என்பதைப் பெற்றோர் விசாரித்து அறிதல் நலம். ஆயத்தமான கருவியையும், அட்டையிட்ட அறிக்கையையும் விலைக்குத் தரும் கடைகள் நகரங்களில் உண்டு. வாங்கியவருக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் வேலைக்கான நேர்முகத்தில், "இதில் நீ செய்தது என்ன?" என்று கேட்கப்படும்போது நா வறண்டு போகும்.

விலைக்கு வாங்காமல் தாமே செய்ய இயலுமா? ஒலியையே எடுத்துக்கொள்வோம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறதோ அதுவே அதன் அதிர்வெண். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். இந்த அதிர்வை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்கும் ஆற்றல் இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசிக்கே உண்டு. எண்களாகிவிட்டால், எந்த அதிர்வெண் எவ்வளவு கலந்துள்ளது என்று பிரித்தறியலாம். அதற்கான கணிதத்தை 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே நூலாக வெளியிட்டார். அக்கணக்கை மிக விரைவாகப் போடும் முறையை 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்டனர்.

இத்துறையில் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர் ஒன்று உண்டு. 1940இல் பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் பயின்று, அமெரிக்காவில் பேராசிரியரான நசீர் அகமது. 1972இல் புதியதொரு கணக்கு முறையை ஆராய அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கோரினார். மறுத்துவிட்டனர். கருத்து மிக எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவர் சொன்ன குறை! அவர் சோர்ந்து அமரவில்லை. தம் ஆராய்ச்சி மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து, 1973ஆம் ஆண்டுக் கோடை முழுவதையும் அதற்கே செலவிட்டார். மூவர் பெயரிலும் 1974 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் கொசைன் அலைகளின் கலவையாக எழுதி, கண்ணும் செவியும் உணராத பகுதியைக் கழித்துவிடும் வழி பிறந்தது. ஜேபெக் படங்கள் அம்முறையால் சுருங்குகின்றன. அதன் திருத்திய வடிவம் எம்பி3 ஒலிப்பதிவில் பயன்படுகிறது. நிதி இல்லாத குழு ஒன்றின் உழைப்பு இது.

இனி செஞ்சிக்கு வருவோம். 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோட்டைகளுள் ஒன்று நம் ஊர் வாசலிலேயே நிற்கிறது. எதிரொலி எழும் இடத்தில் நின்று கைதட்டிக் கைப்பேசியில் பதியுங்கள். வெயில் நாளில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். எதிரொலி ஒரு நொடியில் திரும்பினால் எதிரே உள்ள பாறை 175 மீட்டர் தொலைவில் உள்ளது. பின்னர் நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். இது முதற்பாடம்.

அடுத்தது பயனுள்ள பணி. பல பள்ளிவாசல்களில் பயான் நடக்கும்போது மைக் திடீரெனக் கீச்சிடுவதை அறிவோம். ஒலிபெருக்கியின் ஓசை மீண்டும் மைக்கில் புகுந்து, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சுழன்று வளர்வதே காரணம். சத்தத்தைக் குறைத்தால் பின்வரிசை முதியோருக்கும், பெண்கள் பகுதியில் இருப்போருக்கும் சொல் விளங்குவதில்லை. நிர்வாகத்தினரின் அனுமதியோடு நான்கு மாணவர் இதை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் அக்கீச்சொலியைப் பதிவு செய்யட்டும். ஒருவர் அதன் அதிர்வெண்ணைக் கணக்கிடட்டும். மூன்றாமவர் அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் தணிக்கும் வடிப்பானை அமைக்கட்டும். நான்காமவர் பின்வரிசையில் அமர்ந்து, முன்னும் பின்னும் எத்தனை சொற்கள் விளங்கின என்று குறிக்கட்டும். மைக் இடம் மாறினாலும், ஆட்கள் நிறைந்தாலும் அந்த அதிர்வெண் மாறக்கூடும். ஆகவே வெற்றிடத்தில் ஒரு முறை, ஜும்ஆ நாளில் ஒரு முறை என இருவேளை அளத்தல் அவசியம்.

முதல் முயற்சி பிழைக்கலாம். பிழைத்ததையும் ஏன் பிழைத்தது என்பதையும் அறிக்கையில் எழுதுவது குறையன்று.

பெற்றோர்களே! அடுத்த முறை பிள்ளை புராஜெக்ட்டுக்குப் பணம் கேட்கும்போது தயங்காமல் கொடுங்கள். கூடவே, "உன் குழுவில் உன் பங்கு எது? எனக்கு விளங்கும்படி சொல்" என்றும் கேளுங்கள். நமக்குப் பொறியியல் தெரியாவிட்டாலும், தானே செய்த பிள்ளை சொல்வது நமக்கு விளங்கும்.