நாசிலைப் பார்க்கிறோம், தோள்வாரைப் பார்ப்பதில்லை

முதுகில் மாட்டும் தெளிப்பான் வாங்கக் கடைக்குப் போகும் விவசாயி முதலில் பார்ப்பது நாசிலைத்தான். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பனிபோல் சீராக விழுகிறதா என்று அடித்துப் பார்ப்பார். பிறகு கைப்பிடியை ஆட்டிப் பம்பு எப்படி இழுக்கிறது என்று பார்ப்பார். கடைசியில் விலை பேசுவார். தோளில் மாட்டும் வாரைத் தொட்டுப் பார்ப்பவர் அபூர்வம். டேங்கை நிறைத்து முதுகில் ஏற்றிப் பத்தடி நடந்து பார்ப்பவர் அதைவிட அபூர்வம். மருந்தடிப்பவரின் உடம்போடு காலையிலிருந்து உறவாடப்போவது நாசில் அல்ல, அந்த வார்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். கடைகளில் அதிகமாக விற்பது 16 லிட்டர் டேங்க். தண்ணீர் மட்டும் 16 கிலோ. வெறும் மிஷின் ஐந்து, ஆறு கிலோ. ஆக 21, 22 கிலோ முதுகில் ஏறுகிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் அடிக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு பதின்மூன்று தடவை இந்தப் பாரத்தைத் தூக்கி மாட்டி, ஒரு கையால் பம்பு அடித்து, மறுகையால் குழாயைப் பிடித்து, சேற்றிலோ வாய்க்கால் வரப்பிலோ நடக்க வேண்டும். பாட்டரி வைத்த மிஷின் வந்த பிறகு பம்பு அடிக்கும் வேலை குறைந்தது வாஸ்தவம். ஆனால் பாட்டரியின் எடையும் அதே தோளில்தான் ஏறியிருக்கிறது.

கதிர்க்கட்டைத் தலையில் தூக்குகிறவர்கள் சும்மாடு இல்லாமல் தூக்குவதில்லை. முதுகுப் பாரத்துக்கு மட்டும் நாம் சும்மாடு வைப்பதில்லை. ஓர் அங்குல அகல நைலான் வார் இரண்டே போதும் என்று விட்டுவிட்டோம். அது வெயிலில் விறைத்து, வியர்வையில் முறுகி, கயிறுபோலச் சுருண்டு தோளில் இறங்குகிறது. மருந்தடித்துவிட்டு வருகிறவர் சட்டையைக் கழற்றினால் இரு தோளிலும் சிவப்புக் கோடு தெரியும். இதை மிஷினின் குறை என்று யாரும் சொல்வதில்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று போய்விடுகிறார்கள்.

வலி மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வார் உரசித் தோல் தேய்ந்த இடத்தில்தான் மூடி வழியாகச் சிந்திய மருந்தும் வந்து சேர்கிறது. பூச்சி மருந்து மூக்கு வழியாக மட்டும் உடம்பில் ஏறும் என்று நினைப்பது தவறு. தெளிக்கிறவரின் உடம்புக்குள் அது போகும் பெரிய வழி தோல்தான். புண்பட்ட தோலும், வியர்த்து நனைந்த தோலும் இன்னும் சீக்கிரம் உறிஞ்சும். 2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் முதுகு நனைய மருந்தடிப்பது சாதாரணம் என்று எண்ணும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அது காட்டியது.

முதுகுப் பாரத்தை எளிதாக்க வழியே இல்லையா? இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் மலையேறிகள். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்டி என்பவர் தச்சு வேலை தெரிந்தவர், மலை நடையில் பிரியம் உள்ளவர். அந்தக் காலத்து முதுகுப்பைகளில் பாரம் முழுவதும் தோளிலேயே தொங்கியது. ஒரு நடையில், பைச் சட்டத்தின் கீழ்முனைகளைக் கால்சட்டையின் பின்பக்கப் பைகளில் செருகிப் பார்த்தார்கள். பாரம் தோளை விட்டு இடுப்பில் இறங்கியது. அதிலிருந்து பிறந்ததுதான் இடுப்புவார். 1952-ல் அவர் அலுமினியக் குழாயில் சட்டம் செய்ய, மனைவி பை தைக்க, வீட்டிலிருந்தே விற்பனை தொடங்கினார்கள். 1963-ல் எவரெஸ்டில் ஏறிய அமெரிக்கக் குழு அவருடைய பைகளைத்தான் கொண்டுபோனது. சுமந்து நடந்தவரே குறையைக் கண்டு, தைத்து, மறுபடி சுமந்து பார்த்ததால் வந்த முன்னேற்றம் அது. மேஜையில் உட்கார்ந்து படம் வரைந்ததால் வந்ததல்ல.

பொழுதுபோக்காக மலையேறுகிறவனின் பைக்கு ஏழு பத்தாண்டுகளுக்கு முன்பே கிடைத்த இடுப்புவார், பிழைப்புக்காக விஷத்தைச் சுமக்கிறவரின் டேங்குக்கு இன்றும் பெரும்பாலும் கிடைக்கவில்லை. இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. உலக உணவு வேளாண்மை நிறுவனமே முதுகுத் தெளிப்பானுக்குக் குறைந்தபட்சத் தேவைகளை வகுத்திருக்கிறது. நிறைத்த மிஷின் 25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, தோளில் படும் வார் 50 மில்லிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும், அது மருந்தை உறிஞ்சாத பொருளாக இருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் வீட்டு மிஷினின் வாரை அளந்து பார்க்கிறவர்களுக்கு உண்மை தெரியும்.

வாங்கும்போதே சோதனை செய்வது நல்லது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் டேங்கைக் குறி வரை நல்ல தண்ணீரால் நிறைத்து, யார் மருந்தடிக்கப் போகிறாரோ அவரே மாட்டிப் பார்க்க வேண்டும். நெட்டையானவருக்கும் குட்டையானவருக்கும் வார் கூட்டிக் குறைக்க வர வேண்டும். டேங்க் முதுகோடு ஒட்டி உயரமாக நிற்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கினால் ஆளைப் பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க அவர் நாள் முழுவதும் முன்னால் குனிந்தே நடப்பார். குனியும்போது மூடி ஒழுகினால் பிடரியில்தான் விழும்.

ஒழுகுகிறதா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மருந்து ஊற்றாமல், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்து நிறைத்து, பழைய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வயலில் அடித்துப் பார்க்க வேண்டும். வரப்பு ஏறி, குனிந்து, நிமிர்ந்து, வழக்கம்போல. பிறகு சட்டையைக் கழற்றி விரித்தால் நீலம் எங்கெங்கே பட்டிருக்கிறது என்று தெரியும். பிடரியில் என்றால் மூடி வாஷர். நடு முதுகில் என்றால் டேங்கின் அடியிலோ பம்பின் இணைப்பிலோ கசிவு. கையில் என்றால் குழாய்த் திறப்பு. நீலம் பட்ட இடமெல்லாம் நாளைக்கு மருந்து படும் இடம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், பழைய மிஷினுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

வாரைத் திருத்துவதற்குப் பெரிய பட்டறை வேண்டாம். ஊரில் செருப்புத் தைப்பவரோ கூடாரத் துணி தைப்பவரோ போதும். இரண்டரை அங்குல அகலமுள்ள நைலான் பட்டை, தோளில் படும் இடத்தில் ஓர் அடி நீளத்துக்குத் தண்ணீர் உறிஞ்சாத மெத்தென்ற ரப்பர் ஷீட், மார்புக்குக் குறுக்கே இரண்டு வாரையும் சேர்க்கும் சின்னப் பட்டை, கீழே இடுப்புவார். பலர் செய்வதுபோல் சாக்கையோ பழந்துணியையோ வாரில் சுற்றுவது தவறான வைத்தியம். அன்றைக்குத் தோளுக்கு இதம்தான், ஆனால் சிந்திய மருந்தையெல்லாம் அது குடித்து வைத்துக்கொண்டு அடுத்த நாளும் தோளில் ஒற்றடம் கொடுக்கும். சைக்கிள் ட்யூபைப் பிளந்து சுற்றினால் அந்தக் கெடுதல் இல்லை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவலாம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. கொக்கி அறுந்துவிட்டது என்று கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிறார்கள். சேற்றில் வழுக்கி விழுந்தாலோ, தலை சுற்றினாலோ, மருந்து முதுகில் கொட்டினாலோ, டேங்கை நொடியில் உதறத் தெரிய வேண்டும். இடுப்புவாரின் கொளுவியும் ஒரு கையால் தட்டினால் கழலும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வசதிக்காகப் போட்ட வாரே ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

பாரத்தைக் குறைக்க எல்லாவற்றையும்விட எளிய வழி டேங்கைப் பத்து லிட்டரோடு நிறுத்துவது. லிட்டருக்கு 2 மில்லி என்றால் டேங்குக்கு 20 மில்லி, கணக்கும் தப்பாது. ஏக்கருக்கு இருபது டேங்க் ஆகும், நடை கூடும். அதற்குத் தண்ணீர்ப் பீப்பாயை வரப்போரம் கொண்டு வைத்தால் சரியாகிவிடும். சிக்கல் கூலியில் இருக்கிறது. பல ஊர்களில் டேங்குக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அரை டேங்க் அடித்துவிட்டு முழு டேங்க் கூலி கேட்கிறான் என்பார் நிலக்காரர். முழு டேங்கைத் தூக்கித் தோள் போகிறது என்பார் ஆள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் இந்தச் சண்டைக்கு இடமில்லை, டேங்கில் எவ்வளவு ஊற்றுவது என்பதை அவரவர் உடம்பு தீர்மானிக்கும். சிறு விவசாயிகளில் பலர் தங்கள் வயலுக்குத் தாங்களே அடிக்கிறார்கள் என்பதால் இது அவர்களுக்கும் பொருந்தும்.

ட்ரோன் வந்துவிட்டதே, இனி முதுகுத் தெளிப்பான் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தென்னந்தோப்புக்கு நடுவே அரை ஏக்கர் கத்தரியும், வீட்டோரம் இருபது சென்ட் வெண்டையும் வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்வி பொருந்தாது.

மானியத்தில் தெளிப்பான் கொடுக்கும் திட்டங்களில் பம்பின் அழுத்தத்துக்கும் டேங்கின் கொள்ளளவுக்கும் நிபந்தனை போடுவதுபோல், வாருக்கும் போட வேண்டும். மொத்தமாக வாங்குவதற்கு முன்பு பத்து மிஷின்களை மருந்தடிக்கும் ஆட்களிடம் கொடுத்து, பெண்களிடமும் கொடுத்து, ஒரு பருவம் முழுக்கச் சுமக்கவிட்டு, எந்த வார் அறுந்தது, எந்தத் தோள் புண்ணானது என்று எழுதி வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு டெண்டரில் கையெழுத்துப் போடட்டும். தயாரிப்பாளருக்கு இதனால் கூடும் செலவு, மிஷின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். அடுத்த மருந்தடிப்பு வருவதற்குள் விவசாயிகள் தங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது, மூலையில் கிடக்கும் மிஷினை எடுத்து நீலத் தண்ணீர் ஊற்றி ஒரு தடவை தோளில் மாட்டிப் பார்ப்பது.