பாடசாலை ஜேர்சிக்கு இடமில்லாத கிண்ணம்

ஒரு நாட்டின் திறமையான இளம் உதைபந்தாட்டக்காரர்களை அகடமிகளில் சேர்த்து, ஆண்டு முழுவதும் பயிற்சி கொடுத்து, கடைசியில் அந்த அகடமிகளுக்குள் தேசிய சம்பியன் யார் என்று சுற்றுப்போட்டி வைத்துப் பார்ப்பது நல்ல யோசனைதான். ஐக்கிய அமெரிக்கா 2007இல் அதைச் செய்தது. அந்நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனம் 'டிவலப்மென்ட் அகடமி' என்ற பெயரில், தெரிவு செய்த கழகங்களை ஒரே லீக்கில் சேர்த்தது. பருவம் முடிந்ததும் கோடை காலத்தில் வயதுப் பிரிவு வாரியாக இறுதிச் சுற்று நடக்கும். மைதான ஓரத்தில் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்களும் தொழில்முறைக் கழகங்களின் ஆட்களும் நிற்பார்கள். கிண்ணத்தை யார் தூக்கினார்கள் என்பதை விட, அவர்களுடைய குறிப்புப் புத்தகத்தில் எந்த இலக்கம் எழுதப்பட்டது என்பதே பெற்றோருக்கு முக்கியம். இன்று பெயர் பெற்றிருக்கும் கிறிஸ்டியன் புலிசிக் கூட பென்சில்வேனியாவில் அப்படியொரு கழகத்தில் ஆடிவிட்டு, பதினாறு வயதில் ஜேர்மனியின் டோர்ட்முண்டுக்குப் போனவர்தான்.

இந்த ஏற்பாடு முழுவதையும் நான் குறை சொல்லவில்லை. எனக்கு ஒத்துவராதது ஒரு விதி. 2012இல் சம்மேளனம் அகடமிப் பருவத்தைப் பத்து மாதங்களாக நீட்டியது. அத்தோடு, அகடமியில் ஆடும் பிள்ளை தன் பாடசாலை அணிக்கு ஆடக்கூடாது என்றும் ஆக்கியது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று.

பயிற்றுவிப்பாளர்களின் நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் பாடசாலைப் பருவம் ஒரு சில மாதங்களுக்குள் முடிந்துவிடும். அதற்குள் வாரத்துக்கு இரண்டு, மூன்று போட்டிகள். உடம்பு களைக்கும், காயம் வரும், பயிற்சிக்கு நேரம் இருக்காது. ஸ்பெயினிலும் ஜேர்மனியிலும் பிள்ளைகள் கழகத்தில் வருடம் முழுக்கப் பயிற்சி பெறும்போது நம் பிள்ளைகள் மட்டும் இடையில் விட்டுவிட்டு வந்தால் எப்படி முன்னேறுவது என்று அவர்கள் கேட்டார்கள். பதில் சொல்லக் கடினமான கேள்விதான்.

ஆனால், தனியார் பாடசாலைகளில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் சிலருக்கு அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுத்தார்களே, அதை எப்படி விளங்கிக் கொள்வது? விளையாட்டுக்காகவே கட்டணம் குறைத்துச் சேர்த்துக்கொண்ட பாடசாலை அந்த விளையாட்டை இழக்கக்கூடாது என்பது நியாயமென்றால், பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வரும் அரச பாடசாலைப் பிள்ளையின் ஆசைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. காசு விடயமும் அப்படித்தான். தொழில்முறைக் கழகங்கள் நடத்திய அகடமிகளில் பல இலவசமாகவே பயிற்சி கொடுத்தன. மற்றக் கழகங்களில் பெற்றோரே கட்ட வேண்டும். பயிற்சிக் கட்டணம், விமானப் பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் ஒரு சாதாரண குடும்பத்தால் முடியாது. தேசிய சம்பியன் என்று அறிவிக்கப்படும் அணி, முதலில் செலவு செய்யக்கூடியவர்களுக்குள்ளிருந்து வடிகட்டப்பட்ட அணியாகவும் இருக்கலாம்.

இதற்கு வேறு வழியே இல்லையா என்று கேட்டால், ஜப்பானைப் பார்க்கலாம். அங்கும் தொழில்முறைக் கழகங்களுக்கு இளையோர் அணிகள் இருக்கின்றன. பாடசாலை அணிகளும் இருக்கின்றன. அங்கும் ஒரு பிள்ளை இரண்டு பக்கமும் ஆட முடியாது, ஒன்றில்தான் பதிய வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், 18 வயதுக்குட்பட்டோருக்கான தகமாடோ இளவரசர் கிண்ணப் பிரிமியர் லீக்கில் கழக அணிகளும் உயர்நிலைப் பாடசாலை அணிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 2011இல் தொடங்கிய இந்த லீக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக நடந்து, இரண்டின் சம்பியன்களும் வருடக் கடைசியில் இறுதிப் போட்டியில் சந்திக்கும். 2016இலும் 2019இலும் அதை வென்றது கழகமல்ல, நாட்டின் வடக்கு மூலையிலுள்ள அஒமோரி யமதா என்ற பாடசாலை. இதைவிட, புது வருட விடுமுறையில் 48 பாடசாலைகள் மோதும் தேசியச் சுற்றுப்போட்டி தனியாக நடக்கிறது. அதற்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

இதனால் என்ன பயன் என்பதற்கு ஷுன்சுகே நகமுராவைச் சொல்லலாம். யொகொஹாமா மரினோஸ் கழகத்தின் சிறுவர் அணியில் இருந்தவரை அடுத்த வயதுப் பிரிவுக்கு எடுக்கவில்லை. அவர் தோகோ கக்குவென் பாடசாலையில் சேர்ந்தார். 1997 ஜனவரியில் அந்த அணியோடு தேசியப் பாடசாலைச் சுற்றுப்போட்டியின் இறுதிக்கு வந்து தோற்றார். அதே ஆண்டு, வேண்டாம் என்ற அதே கழகம் அவரைத் தொழில்முறை வீரராக எடுத்துக்கொண்டது. கெய்சுகே ஹொண்டாவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஒசாக்காவின் கம்பா கழகம் மேல் பிரிவுக்கு எடுக்காதவர், பாடசாலை அணியில் ஆடி வளர்ந்து, மூன்று உலகக் கிண்ணங்களில் கோல் போட்டார்.

2022இல் கட்டாரில் ஸ்பெயினுக்கு எதிராக, பந்து கோட்டைத் தாண்டிவிட்டதா இல்லையா என்று உலகமே சண்டை போட்டதே, அந்தப் பந்தை உள்ளே திருப்பிய கவோரு மிதோமா இன்னொரு வகை. கழகம் பதினெட்டு வயதில் மேலே வரச் சொன்னபோது மறுத்துவிட்டு, சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பந்தை உருட்டிக்கொண்டு எதிரியைக் கடப்பது எப்படி என்பதையே பட்ட ஆய்வுக்கும் எடுத்தார். (உயர்தரத்தில் நான் எடுத்த பாடங்களில் இவ்வளவு சுவையான தலைப்பு ஒன்றும் கிடையாது.) இந்த மூவரில் இருவர் பதினைந்து வயதில் 'போதாது' என்று கணிக்கப்பட்டவர்கள். போவதற்கு இன்னொரு வாசல் அவர்களுக்கு இருந்தது.

பெண்களுடைய நிலைக்கு வருவோம். அமெரிக்காவில் பெண் பிள்ளைகளுக்கான டிவலப்மென்ட் அகடமி 2017இல்தான் தொடங்கியது. ஆண்களுக்குப் பத்து வருடம் கழித்து! அதற்குள் 2009இலேயே பெண்கள் கழகங்கள் தாமாகச் சேர்ந்து இ.சி.என்.எல். என்ற லீக்கை உருவாக்கியிருந்தன. அதில் ஆடும் பிள்ளைகள் பாடசாலைக்கும் ஆடலாம். பிந்தி வந்த அகடமியோ அதே தடையோடு வந்தது. சில கழகங்கள் சேர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. அமெரிக்கப் பெண்கள் உதைபந்தாட்டம் வளர்ந்ததே கல்விக்கூடங்களில்தான். அரச பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்று 1972இல் 'டைட்டில் நைன்' சட்டம் வந்த பிறகு பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பெண்கள் அணிகள் பெருகின. 1991இல் முதலாவது பெண்கள் உலகக் கிண்ணத்தை வென்ற அணியில் மியா ஹம் உட்படப் பலர் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள். உலகத்தையே வென்று தந்த ஏணியிடம் 'நீ தேவையில்லை' என்று சொன்னது போலத்தான் அந்த விதி எனக்குத் தெரிகிறது.

2020 ஏப்ரலில், கொரோனா காலத்துப் பண நெருக்கடியைக் காட்டி, சம்மேளனம் ஆண், பெண் இரு அகடமி லீக்குகளையும் ஒரேயடியாக மூடியது. ஆண்களுக்குத் தொழில்முறை லீக் முன்வந்து எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் என்ற புதிய அமைப்பைத் தொடங்கியது. பெண்கள் கழகங்கள் பழையபடி தங்கள் காலிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

எங்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு, தலையை மூடியவர்களுக்கான வாசல். தலையை மூடி ஆட சர்வதேச விதிகள் முழுமையாக இடம்கொடுத்தது 2014இல். 2023 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு ஆடினார். அன்று தென் கொரியாவை மொரோக்கோ 1-0 என்று வென்றது. உலகச் சம்மேளனத்தின் விதி மாறியது நல்லது. ஆனால் பன்னிரண்டு வயதில் உள்ளூர் அணியில் சேர்க்க ஆளில்லாத பிள்ளைக்கு அந்த விதி எதற்கு?

இலங்கையில் உதைபந்தாட்டம் இன்னும் பெருமளவுக்குப் பாடசாலைகளில்தான் உயிரோடு இருக்கிறது. கொழும்பு ஸாஹிராவையும் ஹமீத் அல் ஹுஸைனியையும் தெரியாதவர்கள் எங்கள் வாப்பாமாரில் குறைவு. பெண் பிள்ளைகளான எங்களுக்குப் பெரும்பாலும் வலைப்பந்தாட்டத்தோடு சரி. பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிப் பிரிக்கப்பட்ட தலைமுறை நாங்கள். ரியூஷனுக்குப் போவதற்காக வகுப்பறை காலியாவதையும் கண்டுவிட்டோம். வெளியே நன்றாக நடக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பதைக் கைவிட்டால் யார் நட்டப்படுவார்கள் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே நாளைக்கு இங்கும் யாராவது அகடமிகளுக்கென்று தேசியக் கிண்ணம் ஒன்றைத் தொடங்கினால், அதே லீக்கில் பாடசாலை அணிகளும் சேர்க்கப்பட வேண்டும். பெண்கள் பிரிவும் பத்து வருடம் பிந்தாமல் முதலாம் வருடத்திலேயே தொடங்க வேண்டும். பயிற்சி நேரத்தையும் மைதானத்தையும் தீர்மானிக்கும் கூட்டத்தில் பெண்கள் பாடசாலைகளின் விளையாட்டுப் பொறுப்பாசிரியைகள் இரண்டு பேராவது உட்காரட்டும். பயிற்சியை மஃரிபுக்குப் பிறகு வைத்தால் எங்களில் எத்தனை பேரை வீட்டிலிருந்து அனுப்புவார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.