சிறுதேக்கு எந்தக் குடும்பம்?

கேள்வி: பழைய மூலிகைப் புத்தகத்தில் சிறுதேக்கு 'கிளிரோடென்ட்ரம் செர்ரேட்டம்' என்றும், வேர் கேட்கும் வியாபாரியின் தாளில் 'ரோத்திகா செர்ரேட்டா' என்றும் உள்ளது. இரண்டும் ஒன்றா?
– வாசகர், வில்பட்டி, கொடைக்கானல்

பதில்: ஒன்றேதான். 1767-இல் லின்னேயஸ் இதை வோல்கமேரியா என்றார். 1821-இல் இலங்கையில் மூன் என்பவர் கிளிரோடென்ட்ரத்தில் சேர்த்தார். மரபணு ஆய்வுகளுக்குப் பின், 1998-இல் ரோத்திகா ஆனது. குடும்பமும் மாறிவிட்டது: உண்ணிச்செடியின் வெர்பினேசியை விட்டு, துளசி, புதினா உள்ள லேமியேசிக்கு வந்துவிட்டது. நொச்சியும் தேக்கும்கூட இப்போது அங்கேதான்.

பெயர் மாறியதால் நஷ்டமில்லை. வேர் மாறினால்தான் நஷ்டம். சந்தையில் இதே பெயரில் பிரெம்னா ஹெர்பேசியா என்ற வேறு செடியின் வேரும் வருகிறது. அது தரையோடு கிடக்கும் குறுஞ்செடி. சிறுதேக்கோ ஆள் உயரம் வளரும். கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று இலைகள், விளிம்பில் ரம்பப் பற்கள். வெளிர்நீலப் பூவில் கீழிதழ் மட்டும் கருநீலம். காய்ந்த வேரில் இவை எதுவும் தெரியாது. எனவே பூத்திருக்கும் தாய்ச்செடியைப் பார்த்தே நாற்று வாங்குங்கள். சந்தேகமென்றால், பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளில் வைத்து உலர்த்தி, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரபினாட் ஹெர்பேரியத்தில் காட்டிக் கேட்கலாம். காப்புக்காட்டில் அனுமதியின்றி வேர் தோண்டக் கூடாது.